நாளுக்கு நான்கு மாத்திரை

வீட்டில் கடல்மீன் வளர்ப்பதென்றால் ஜனங்களுக்கு ஒரு வீண் பயம் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். பொறுமையும் சுத்தமும் இருந்தால் போதும். ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸின் முதல் மாடியில், நாலடிக் கண்ணாடித் தொட்டிக்குள் நான் ஒரு துண்டுக் கடலையே வைத்திருந்தேன். எண்ணூரிலிருந்து கேன் கேனாகக் கடல்தண்ணீர் கொண்டுவருவேன். சாயங்காலம் விளக்கைப் போட்டால் பவளங்கள் ஒவ்வொன்றாக விரியும். அப்போது எனக்குத் தலைகால் புரியாது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் டிவி பார்ப்பார்கள். நான் கோமாளி மீன்களைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

என் மனைவி தாட்சாயிணிக்கும் அந்த மீன்கள் மேல் கொள்ளைப் பிரியம். எங்களுக்குக் குழந்தை இல்லை. நான் ஷிப்டுக்குப் போனபின் அவற்றோடுதான் பேசிக்கொண்டிருப்பாள்.

தொண்ணூற்றாறு ஐப்பசி மழையில் தொட்டிக்குள் சிவப்புப் பாசி வந்தது. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வழவழவென்று மணலில் படர்ந்து, பவளத்தின் மேல் ஏறிப் படுத்துவிடும். அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் சாகும். குழாய் போட்டு உறிஞ்சி எடுத்தேன். இரண்டே நாளில் திரும்பி வந்தது. தண்ணீரை மாற்றினேன். மறுபடியும் வந்தது. ஒருநாள் பாறை இடுக்கில் கையை விட்டபோது காரணம் கையோடு வந்தது. ஊறிப் புளித்த சோற்றுப் பருக்கைகள்.

தாட்சாயிணி வெள்ளானூர்க்காரி. காக்கைக்குச் சோறு வைக்காமல் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. வைத்துவிட்டு வந்து மீனுக்கும் ஒரு பிடி போட்டிருக்கிறாள். எட்டு மாதமாக, தினம்.

"காக்காய்க்கு வெச்சிட்டு வர்றத பாத்துகினு வாய வாய தொறக்குதுங்க," என்றாள். "நான் மட்டும் எப்டிங்க துன்றது?"

நான் திட்டவில்லை. அவள் தம்பி லோகநாதனைக் கேளுங்கள், அவன்கூட இல்லையென்று சொல்ல மாட்டான். குரலை உயர்த்தும் ஆள் இல்லை நான்.

அடுத்த வைத்தியம் இருட்டு. வெளிச்சமே படாமல் மூன்று நாள் தொட்டியை மூடிவைக்க வேண்டும். வீட்டில் கனத்த கம்பளி ஒன்றுதான் இருந்தது. அவளுக்கு அப்போது லேசாக இருமலும் குளிரும். கேட்டதும் தானாகவே எடுத்துக் கொடுத்தாள். பெரிய மனசு. மூன்று நாள் சேலையைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தாள்.

கம்பளியை எடுத்தபோது பாசி குறைந்திருந்தது. அவளுக்குக் காய்ச்சல் கூடியிருந்தது. நாலாம் நாள் பாசி பழையபடி வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார் டாக்டர். பென்சிலின் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, உடம்பு தடித்துவிடும். அதனால் வேறு மாத்திரை எழுதினார். நாளுக்கு நான்கு, பத்து நாள், பாதியில் நிறுத்தவே கூடாது. பஸ் ஸ்டாப்பில் நின்று அட்டையைப் புரட்டிப் பார்த்தேன். எரித்ரோமைசின்.

சார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொளத்தூர் வண்ணமீன் கடை சம்பத் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை கொடுத்திருந்தார். சிவப்புப் பாசியை அடியோடு அழிக்கும் மருந்து என்று அதில் போட்டிருந்ததும் இதே பெயர்தான். என் தொட்டி அளவுக்குக் கணக்குப் போட்டால் அதற்கும் நாளுக்கு நான்கு. இப்படி ஒரு பொருத்தம் யாருக்கு அமையும்? பஸ்ஸில் வழியெல்லாம் அவள் என் தோளில் சாய்ந்து இருமினாள். நான் உள்ளுக்குள் குதித்துக்கொண்டு வந்தேன்.

கடையில் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கியிருக்கலாம். மார்க்கெட்டுக்குச் சைக்கிளில் பதினைந்து நிமிடம். ஆனால் மாத்திரை கையிலேயே இருந்தது. மேலும் தொட்டிக்கு நோயைக் கொண்டுவந்தது அவள் கை. மருந்தும் அவளிடமிருந்து வருவதுதானே நியாயம்?

அவளை வெறுமனே விட்டுவிடவில்லை. பவளத்துக்காகக் கால்சியம் மாத்திரை வைத்திருந்தேன். அதே வெள்ளை, ஏறக்குறைய அதே அளவு. அவளுக்கென்று ஒரு டப்பாவில் அதைப் போட்டு வைத்தேன். அவளுடையதை அட்டையிலிருந்து எடுத்துப் பொடித்துத் தொட்டியில் கரைத்தேன். வெந்நீரோடு நானே கொடுத்தேன்.

"இந்த மாத்தர கசக்கவே இல்லீங்க," என்றாள் இரண்டாம் நாள். "சுண்ணாம்பு மாறி கீது. நல்ல டாக்டரு."

மூன்றாம் நாள் பாசி வெளுத்தது. நாலாம் நாள் ஓரங்களில் உரிந்து மிதந்தது. நான் கைதட்டிவிட்டேன். ஐந்தாம் நாள் லோகநாதன் வந்தான்.

"மாமா, அக்காவுக்கு மூச்சு இழுக்குது. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம் மாமா."

"பத்து நாள் மருந்து. பாதியில் நிறுத்தக் கூடாது," என்றேன். டாக்டர் சொன்னதைத்தான் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

ஆறாம் நாள் தொட்டி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ஒரு பவளம் விடாமல் விரிந்து ஆடியது. அதைச் சொல்ல ஓடினேன். தாட்சாயிணி கேட்கும் நிலையில் இல்லை. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். அழுதேன், சார். இரண்டும் ஒரே நாளில் என்றால் மனசு தாங்காது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மொட்டைமாடியில் இலை போட்டோம். ஒரு காக்கைகூடத் தொடவில்லை. அவள் என்ன ஆசையை வைத்துக்கொண்டு போனாளோ என்று பெண்கள் அழுதார்கள். லோகநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னா ஆச இருக்கப்போது? மீனுக்குச் சோறு போடணும், அதான்," என்றான். இலையிலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டு கீழே இறங்கினான்.

பின்னாலேயே ஓடி, தொட்டிக்கு மேல் நீண்டிருந்த அவன் கையைப் பிடித்தேன். "போடாதே மச்சான். அவளுடைய இருபத்துநாலு மாத்திரையைப் போட்டு இப்போதுதான் சுத்தம் செய்திருக்கிறேன்."

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானேதான் சொன்னேன். அவன் கை அப்படியே விரிந்தது. சோறு முழுக்கத் தொட்டிக்குள் விழுந்துவிட்டது.

ஆமாம், மாத்திரையை மாற்றியது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு தவறையும் ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் தெளிந்துவிட்டதே என்று ஆறு நாளோடு மருந்தை நிறுத்தியிருக்கக் கூடாது. பீரோவில் இன்னும் பதினாறு இருக்கிறது. முதலில் சோற்றை உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். பிறகு நாளுக்கு நான்கு.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். நோயில் கிடந்த மனைவியை நான் கவனிக்காமல் விட்டேன் என்று அவள் வீட்டார் பேசக் கூடாது. ஆறு நாளும் ஒரு வேளைகூடத் தவறாமல் என் கையாலேதான் கொடுத்தேன்.