ஐந்தாம் நடைமேடையின் மூலையைப் பசுமையாக்கிய பொலிக்ஸேனி அம்மையாருக்கு

பெலியோன் மலைக்கும் கடலுக்கும் நடுவே பேருந்தேறும் பல்லாயிரவர்க்குப் பயணச்சீட்டோடு பரிவையும் சேர்த்து வழங்கிய பண்பின் திருவுருவே, சினந்து வந்தவரையும் சிரிக்கவைத்து அனுப்பிய செஞ்சொற் செல்வியே, மழையிலும் பனியிலும் வேலைநிறுத்தத்தின் மறுநாளிலும் முதல் பேருந்துக்கு முன்னரே வந்தமர்ந்த மாண்பே, எங்கள் அன்புக்குரிய பொலிக்ஸேனி அம்மையாரே, வணக்கம்.

தங்கள் நேர்மையும் நேரந்தவறாமையும் தலைமை அலுவலகம் அனுப்பிய கேடயத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பித்தளையில் ஏறியதை நாங்கள் மறுபடி பேச்சில் ஏற்றப்போவதில்லை. கேடயத்தில் இடம் போதாமல் விடுபட்டுப்போன ஒன்றை மட்டும் இந்த அவைக்குச் சொல்ல விரும்புகிறோம். சொல்லி முடிக்கும்வரை தாங்கள் வேறு யாருடைய கதையையோ கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருங்கள்; குறுக்கே பேசித் திருத்தவேண்டாம்.

அவையோரே, இவ்வாண்டு ஈஸ்டர் கழிந்த வாரம். ஐந்தாம் நடைமேடையின் சிமெண்டு மூலையில் குளிர்பான மெஷின் வைக்கப்போவதாக நம் மேலாளர் அனெஸ்திஸ் வந்து சொன்னார். சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மையாரின் கை நின்றது.

“தம்பி, இந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து ஆயுசு பூரா அந்தச் செவுத்தையே பாத்தாச்சு. வேலைய விட்டுப் போறதுக்குள்ள அங்க ஒரு பச்சையப் பாத்துட்டுப் போறேனே.”

“நீங்க வீட்ல ஏதாவது செடி வளத்திருக்கீங்களாக்கா?”

“எங்கிட்ட பிளாஸ்டிக் பூவே வாடிப்போச்சு. அதனாலதான் இப்பவாவது கத்துக்கலாம்னு.”

அனெஸ்திஸ் சிரித்துவிட்டார், சிரித்தவரால் மறுக்க முடியவில்லை. ஆகஸ்டில் வரும் மாதா திருநாள் வரைக்கும் மூலை அம்மையாருக்கு. அதற்குள் பயணிகளுக்கு ஒரு பயனும் இல்லையென்றால் மெஷினுக்கு. இதுதான் ஒப்பந்தம்.

அன்றே தோட்டம் தொடங்கிற்று. நம் சிற்றுண்டிச் சாலை ஸ்தமாத்திஸ், ஃபேட்டா பாலாடைக்கட்டி வந்த பெரிய தகர டின்களை வரிசையாகக் கொண்டுவந்து வைத்தார். அடியில் தேங்கியிருந்த வெண்ணிற நீரை அம்மையார் கொட்டப்போனார்.

“அய்யோ, கொட்டாதீங்க பொலிக்ஸேனி. அம்புட்டும் ஆட்டுப்பால் சத்து. செடி குடிச்சிட்டு எப்படி வளருதுன்னு பாருங்க.”

சத்தை வீணாக்க மனம் வரவில்லை. அதன்மேலேயே மண்ணைக் கொட்டித் திருநீற்றுப்பச்சையும் தக்காளியும் நட்டார். பத்து நாள் பச்சை. பிறகு இலைகளின் ஓரம் தீயில் காட்டியதுபோலக் கருகிற்று. தாகம் போலும் என்று அம்மையார் தண்ணீரை ஊற்ற ஊற்றச் செடிகள் தலைகவிழ்ந்தன.

அன்றிலிருந்து சீட்டு ஜன்னலில் தகவல் கேட்பவர் பயணிகள் அல்லர், அம்மையார்தான். “மக்ரினிட்சாவுக்கு ஒண்ணா? இந்தாங்க. ஏம்மா, திருநீற்றுப்பச்சை ஓரம் கருகினா என்ன பண்ணணும்?”

“வெய்யில் ஜாஸ்தி, நிழல்ல வை.”

“நிழல்லயா? இவ பேச்சக் கேட்டா சுள்ளிதான் மிஞ்சும். நல்லா வெய்யில்ல தள்ளும்மா.”

“பக்கத்து வீட்டுக்காரி கண்ணு வச்சிருப்பா. பூண்டு கட்டு.”

வரிசை வாசலைத் தாண்டிற்று. ஓட்டுநர் லாம்ப்ரோஸ் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “அக்கா, செடி செத்தா செத்துட்டுப் போவுது, என் வண்டிய அனுப்புங்க” என்று கெஞ்சினார். அம்மையார் பூண்டும் கட்டினார். ஒரு செடியும் பிழைக்கவில்லை.

காய்ந்தவற்றைப் பிடுங்கிப்போட்ட அன்று கை கழுவவும் பொழுதில்லை; அடுத்த பேருந்துக்குக் கூட்டம் நின்றது. அம்மையார் இருக்கையில் அமர்ந்தார், வழக்கம்போல் விரலை நாக்கில் தொட்டுச் சீட்டைப் புரட்டினார். புரட்டிய கை அந்தரத்தில் நின்றது. மறுபடி விரலை வாயில் வைத்தார். வரிசையில் முதலில் நின்றவர் அரண்டுபோய் ஓரடி பின்வாங்கினார்.

“ஸ்தமாத்திஸ்,” என்று நிலையம் முழுவதும் கேட்க அழைத்தார் அம்மையார். “இங்க வாய்யா. இந்த மண்ணுக்கு ரொட்டி மட்டுந்தான்யா குறைச்சல். உப்புத்தண்ணியில செடிய ஊறுகாய் போட்டிருக்கோம் நாம ரெண்டு பேரும்.”

ஸ்தமாத்திஸும் மண்ணைத் தொட்டு நக்கினார். “நல்ல சீஸ்தான்,” என்று மட்டும் முணுமுணுத்தார்.

மூலையை அப்போதே ஒப்படைத்திருக்கலாம். திருநாளுக்கு இரண்டு மாதந்தான் இருந்தது. அம்மையாரோ டின்களைக் கவிழ்த்தார். வெந்நீர் ஊற்றி உப்பு போகத் தேய்த்தார். கழுவிய பின்தான் இன்னொன்றும் கண்ணில் பட்டது: அடியில் ஓர் ஓட்டைகூட இல்லை, ஊற்றிய நீரெல்லாம் உள்ளேயே நின்று வேரை அழுகவைத்திருந்தது. ஆணியும் சுத்தியலும் எடுத்து ஒவ்வொன்றின் அடியிலும் ஓட்டை போட்டு, செங்கல்மேல் தூக்கி நிறுத்தி, உள்ளே சரளைக்கல் பரப்பினார். லாம்ப்ரோஸ் மலையிலிருந்து திரும்பும்போதெல்லாம் செஸ்ட்நட் மரத்தடி மக்கிய மண்ணைச் சாக்கில் கட்டி இருக்கைக்கடியில் வைத்துக் கொண்டுவந்தார். அம்மையார் விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டுமே நீர் ஊற்றினார். சில டின்களில் புதிதாக ஒவ்வொரு தக்காளி, மற்றதிலெல்லாம் திருநீற்றுப்பச்சை. மெதுவாக, நம்ப முடியாமல், மூலை உருண்டு திரண்டு பச்சையாயிற்று.

மாதா திருநாளுக்கு முந்தைய நாள். ஊருக்குப் போகும் கூட்டம் ஐந்தாம் நடைமேடையில் நெருக்கியடித்தது. தக்காளி ஒன்றுகூடப் பழுக்கவில்லை. மெஷின்காரரை அழைத்துக்கொண்டு அனெஸ்திஸ் வந்தார். அம்மையார் கண்ணாடிக்குப் பின்னிருந்து பார்த்தார், எழுந்து வரவில்லை.

“தக்காளி காயா இருக்கேக்கா,” என்றார் அனெஸ்திஸ், ஜன்னலண்டை வந்து.

“தெரியுது தம்பி. ஒப்பந்தம் ஒப்பந்தந்தான். டின்ன மட்டும் ஜாக்கிரதையா நகத்தச் சொல்லு.”

அதற்குள் பேருந்து வந்தது. கூட்டம் ஏறத் தொடங்கிற்று. பெட்டி சுமந்த பெண், தொப்பிக்காரக் கிழவர், கைக்குழந்தையோடு ஒருத்தி, எல்லாரும் படியேறுமுன் செடிகளின்மேல் உள்ளங்கையால் ஒருமுறை தடவி, கையை மூக்கருகே வைத்து மூச்சை இழுத்துக்கொண்டே ஏறினார்கள். நம் ஊரில் திருநீற்றுப்பச்சையைக் கண்டால் எவர் கையும் செய்வது அது. எவரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

மெஷின்காரர் அளவு நாடாவை விரித்தார். “எந்த டின்னுலேர்ந்து எடுக்கணும் சார்?”

அனெஸ்திஸ் டின்களின் பக்கம் திரும்பினார். அவர் கையும் செடிமேல் இருந்தது; எப்போது போயிற்றென்று அவருக்கே தெரியாது. உள்ளங்கையை முகர்ந்தார். நின்றார். மறுபடி முகர்ந்தார்.

“கழிப்பறைப் பக்கம் ஒரு இடம் இருக்கு,” என்றார். “வாங்க, அங்க அளப்போம்.”

கண்ணாடிக்குப் பின்னிருந்து அம்மையாரின் குரல் வந்தது: “அடுத்தது யாரு? எந்த ஊரு?”

இதுவே நாங்கள் சொல்ல வந்தது, அம்மையாரே. இனித் தாங்கள் குறுக்கே பேசலாம், திருத்தவும் செய்யலாம்.

ஓய்வு தங்களுக்கு ஓயாத மகிழ்வாகுக. உடல் நலமும் உள்ளக் களிப்பும் உற்றார் சூழ்ந்த உணவு மேசையும் நீடூழி நிலைக்கட்டும். எங்கள் வண்டிகளில் எந்த வழித்தடத்திலும் ஜன்னலோர இருக்கை தங்களுக்கு உண்டு. ஐந்தாம் நடைமேடையின் மூலையை மட்டும் திருப்பிக் கேட்கவேண்டாம். நீர் ஊற்ற எங்களுக்குள் முறை வைத்தாயிற்று. முதல் முறை தனக்கே வேண்டுமென்று மேலாளர் சண்டைபிடித்து வாங்கிக்கொண்டார்.

என்றும் அன்புடன்,
ஓட்டுநர்கள், சீட்டுப் பிரிவினர், துப்புரவுப் பணியாளர்கள், சிற்றுண்டிச் சாலையார் மற்றும் மேலாளர்