கழுத்துப் பட்டையில் மஞ்சள்

பெயர் ஷ்யாமளா. வயது நாற்பத்து நான்கு. மாட்டுங்காவில் அண்ணன் குடும்பத்தோடு வசிக்கிறேன். பி.ஏ. படித்தவள். செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் டைப்பிஸ்ட். தொழிற்சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவில் இருக்கும் ஐவரில் ஒருத்தி. மணமாகவில்லை. பெண்களுக்கு மணமானால் வேலை போய்விடும் என்பது கம்பெனி விதி. இன்ஸ்பெக்டர் கேட்டதற்கிணங்க, 1964 ஆகஸ்டின் இந்த நாளில் நடந்ததைத் தமிழில் நானே எழுதித் தருகிறேன்.

இன்று காலை முதல் வேலையாக, பாக்கிங் பிரிவில் இருந்த தாராவி கனகவள்ளியின் வெள்ளைக் கோட்டை அவளுக்காக எலுமிச்சை தேய்த்து மறுபடி துவைத்தேன். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்கள் கம்பெனிக் கோட்டைச் சுத்தமாகத் திருப்பித் தர வேண்டும். அவள் மணமானதை மறைத்து, தாலியைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். ஆடிப்பெருக்கன்று மஞ்சள் பூசிய புதுக் கயிறு மாற்றிக்கொண்டு மறுநாள் வந்ததில் கழுத்துப் பட்டையில் மஞ்சள் ஒட்டிவிட்டது. மேற்பார்வையாளர் அதைப் பார்த்துவிட்டார்; வேலை போயிற்று. மழையில் வெயிலே இல்லாததால் கறை போகவில்லை. கோட்டை ஈரத்தோடு பையில் எடுத்துச் சென்றேன்.

அதன்பின் பேச்சுவார்த்தை தொடங்கியது. நாங்கள் கேட்டவை பஞ்சப்படி உயர்வும் அந்த விதியை நீக்குவதும். பஞ்சப்படி தருகிறோம், விதியைப் பற்றிப் பேசாதீர்கள் என்றார் மானேஜர். சங்கச் செயலாளர் சந்திரமௌலி எங்களைப் பாராமல் தலையசைத்தார். அதன்பின் கதவைத் திறந்துகொண்டு கனகவள்ளி வந்தாள். கழுத்தில் கயிறு இல்லை. கையிலிருந்ததை மேஜைமேல் வைத்து, “கழத்திட்டேன் சார். இப்பம் வேலை தருவியளா?” என்றாள். மானேஜருக்குத் தமிழ் தெரியாததால் நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தாலியைப் புறங்கையால் தள்ளியபோது தண்ணீர்க் கிளாஸ் கவிழ்ந்து உடைந்து அவர் விரலை வெட்டியது. கனகவள்ளி கிளாஸைத் தொடவில்லை. கீழே குனிந்து கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே தாலியைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் கிளாஸை எறிந்தாள் என்று மானேஜர் கொடுத்திருக்கும் புகார் பொய்.

அதன்பின் சந்திரமௌலி என்னை வராந்தாவுக்கு அழைத்து, “விதி விஷயத்தை நாம விட்டுட்டா மானேஜர் புகாரை வாபஸ் வாங்கிக்கறாராம். அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் பாக்கலைன்னு சொல்லிடுங்கோ. முந்நூறு பேர் சம்பளம், ஷ்யாமளா. உங்களுக்கு இந்த விதியால என்ன நஷ்டம்?” என்றார்.

அதன்பின் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். புகாரின் பேரில் அழைத்து வரப்பட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த கனகவள்ளி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “யக்கா, கோட்டைக் குடுத்துட்டியளா?” அது என் பையிலேயே இருந்தது.

நாளை குழுவினர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். நான் இடப்போவதில்லை. மற்ற நால்வர் இட்டாலே ஒப்பந்தம் செல்லும், விதி அப்படியே இருக்கும், கனகவள்ளிக்கு வேலை கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

மேலே உள்ளவை நான் கண்டதும் கேட்டதும். எவர் சொல்லியும் எழுதவில்லை. ஒருமுறை வாசித்துப் பார்த்து இதில் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஷ்யாமளா