மறுகாலுக்கு விட்ட வழி

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்புக்குப் பஸ் ஏறினால் இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். மலை கூடவே வரும். வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா அப்படிப் போய்த் திரும்புவேன். ராஜபாளையத்து வாடகை வீட்டில் பேச்சுத்துணைக்கு யாரும் கிடையாது.

கேட்டதற்கு வருகிறேன், இன்ஸ்பெக்டர். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

புறவழிச்சாலைக்குப் பாதைகளை ஒப்பிட்டுச் சொல்வது என் வேலை. இரண்டு பாதைகள் இருந்தன. மேற்குப் பாதை அடிவாரத்து மாந்தோப்புகள் வழியாகப் போகும். கெட்டி மண், செலவு குறைவு. ஆனால் காட்டோரம். சாம்பல் அணில்கள் கிளைக்குக் கிளை தாவித்தான் நகரும். நடுவே சாலை விழுந்தால் இந்தப் பக்கத்து அணில் அந்தப் பக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான். கிழக்குப் பாதையில் அணில் இல்லை, தண்ணீர் உண்டு. கண்மாய் நிறைந்தால் மிச்சம், கரையில் தாழக் கட்டிய கலுங்கின் மேல் வழிந்து ஓடையில் இறங்கும். அதைத்தான் இங்கே மறுகால் என்பார்கள். அந்த ஓடையைச் சாலை கடக்க வேண்டும். தண்ணீரைப் பொறுத்தவரை சாலையும் ஒரு கரைதான். நாம் எவ்வளவு வாய் திறந்து வைக்கிறோமோ அவ்வளவுதான் வெளியே போகும். அதற்கு நீளமான பாலம் வேண்டும், பாலத்தைச் சேர்த்தால் கிழக்கின் செலவு எங்கோ போய்விடும். ஆகவே மேற்கு. நேர்மையான முடிவு அதுதான்.

மேற்குப் பாதையில் ஐயாதுரையின் தோப்பு இருந்தது. மனைவி இறந்து தனியாக இருந்தார். அளக்கப் போன அன்று கட்டிலில் உட்காரச் சொன்னார். வளைவுகளில் சாலையை ஏன் ஒரு பக்கம் உயர்த்துகிறோம் என்று அவருக்கு விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "பொறவு?" என்றார். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதன்பின் மாலை தவறாமல் போனேன்.

"ஒம்ம சம்சாரம் ஒம்மள விட்டுப் போனது இந்தக் கதையெல்லாம் கேட்டுத்தானோ, என்ஜினியரே?"

"ஆமா அண்ணாச்சி. பாலம் வரைக்கும் பொறுத்துக்கிட்டா. மழைநீர் வடிகால் வந்ததும் கெளம்பிட்டா."

சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. ஆனால் ஒருநாள் இதையும் சொன்னார்: "தோப்ப ரோட்டுக்கு எடுத்துக்கிடட்டும்யா. கோயம்புத்தூர்ல மவன்கிட்டப் போயிருவேன். ஒத்தையில எம்புட்டு நாளு கெடக்க?"

வீட்டுக்கு வந்து கிழக்குப் பாதையை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

பாலத்தின் நீளம் மழைக்கணக்கிலிருந்து வருகிறது. எந்த ஆண்டுகளின் மழை என்பதை நாங்கள்தான் தீர்மானிக்கிறோம். பெருமழை பெய்த ஆண்டுகளை விதிவிலக்கு என்று ஒதுக்கினேன். கண்மாய் நிறைந்து வெகுகாலமாகியிருந்தது. ஓடையில் சீமைக்கருவேலம் மண்டி, ஓடை என்றே தெரியவில்லை. யாரும் கேள்வி கேட்கவில்லை. பாலம் சுருங்கிச் சில குழாய்களாயிற்று. கிழக்கு மலிவாகிவிட்டது. அணில்களைக் காப்பாற்றிவிட்டேன் என்று கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கைதட்டினார்கள்.

கலுங்குக்கு அடுத்த தெருவிலிருந்து வந்திருந்த ஆவுடையம்மாள் மட்டும் எழுந்தார்.

"ஐயா, மறுகா பாஞ்சா எங்க தெருவே ஓடைக்குள்ள எறங்கிப் பூப்போட்டுக் கொலவ போடும். புள்ளகுட்டியெல்லாம் உள்ளதான் நிக்கும். தண்ணி தேங்கிறாதுல்ல?"

"தேங்காதும்மா."

"தேங்குச்சுன்னா ஒங்களையும் எறக்கி நிப்பாட்டிருவோம்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

சாலை வந்தது. தோப்பு தப்பியது. ஐயாதுரை எங்கும் போகவில்லை. அவை நல்ல மாலைகள்.

பிறகு அந்த ஐப்பசி. அடைமழை வெறித்த ஒரு பகலில் தோப்பில் இருந்தேன். ஐயாதுரை சட்டையை மாட்டிக்கொண்டே வீட்டுக்குள்ளிருந்து வந்தார். "கண்மா நெறஞ்சிருச்சாம். ஊரே எறங்குது. வாரும், நாமளும் போவோம்."

"செத்த நேரம் இருங்க அண்ணாச்சி," என்று அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். மதகு எப்படித் திறக்கிறது என்று சொல்லத் தொடங்கினேன். போன் என் பையில் இருந்தது. ஊர்த்தலைவரின் எண்ணும் அதில் இருந்தது. கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அப்புறம் என்னைத் தோப்புக்கு யார் வரவிடுவார்கள்?

நடந்தது எளிமையானது. வெள்ளத்தில் வந்த முள்ளும் செத்தையும் குழாய்களை அடைத்தன. உள்ளே வரும் தண்ணீர் வெளியே போவதைவிட அதிகமானால் மட்டம் ஏறும். முன்னால் கலுங்கு, பின்னால் சாலை, இரு பக்கமும் செங்குத்துக் கரை. குலவைச் சத்தத்தில் பின்னாலிருந்து ஏறியது யாருக்கும் கேட்டிருக்காது. குழந்தைகள் தாழ்வான இடத்தில் நின்றார்கள், ஆகவே முதலில் அவர்கள். ஆவுடையம்மாள் கரையேறிவிட்டுப் பேத்திக்காக மறுபடி இறங்கினாராம்.

செய்தி தெரிந்ததும் ஐயாதுரை கேட்டார். "என்னைய மட்டும் போகவிடாமப் பிடிச்சு உக்காத்தி வச்சீரே. அப்பவே தெரியுமா ஒமக்கு?"

"தெரியும் அண்ணாச்சி. குழாய் தாங்காதுன்னு போடும்போதே தெரியும். நீங்க இங்கயே இருக்கணும்னுதான்."

மறுநாள் போனபோது வீடு பூட்டியிருந்தது. மகன் வற்புறுத்தியிருப்பார், வேறென்ன இருக்க முடியும்?

உங்களிடம் சொன்னதை மாற்ற மாட்டேன். ஆனால் கோர்ட்டில் தெரியாது என்றுதான் சொல்வேன். ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் முடிந்துவிடும். மறுத்தால் சாட்சி சொல்ல ஐயாதுரை வரவேண்டியிருக்கும். எனக்கு எதிரேதான் நிற்பார். வக்கீல் குறுக்கே பேசாமல் இருந்தால், நடுவில் அவருக்குப் புரியாமல் போனதை நானே விளக்கிவிடுவேன்.