ஏழுக்கு ஏழு

தலைமை ஏற்றிருக்கும் துறைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையாரின் கணவர் அவர்களே, மகளே, உடன் உழைத்த ஆய்வாளர்களே, முதுகலை மாணவ மாணவியரே, நான்கு வயதில் எங்கள் ஆய்வுக்காக இந்தக் கட்டடத்துக்குள் வந்து இன்று வளர்ந்து நிற்கும் பிள்ளைகளே! கனத்த நெஞ்சோடு உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

குழந்தை வளர்ச்சித் துறைப் பேராசிரியர், பதினெட்டு ஆண்டுகளாக இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் தலைவி, நம் அனைவருக்கும் கண்ணாடியம்மா, மறைந்துவிட்டார். குழந்தைகளுக்குத் தெரியாமல் அவர்களைக் கவனிக்கும் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால், விளக்கணைத்த சிற்றறையில் பாதி ஆயுளைக் கழித்தவருக்கு மாணவர்கள் வேறென்ன பெயர் வைப்பார்கள்!

அவரிடம் படிப்பது லேசுப்பட்ட காரியமா? 'குழந்தை சந்தோஷமாக இருந்தது' என்று எழுதிக் கொடுத்த மாணவி ஒருத்தியின் தாளைக் குறுக்கே அடித்துத் திருப்பிக் கொடுத்தார். "சந்தோஷத்த எங்கம்மா பாத்த? சிரிச்சத பாத்தியா? அத எழுது. நெனச்சத எழுதாத, பாத்தத எழுது." மொழித்தேர்வின்போது நான்கு வயது வாண்டு ஒன்று அவர் கையை நறுக்கென்று கடித்தது. 'பதில்' என்ற கட்டத்தில் 'கடித்தாள்' என்று எழுதி, நேரத்தையும் குறித்துவிட்டுத்தான் மருந்து போடப் போனார். சிரியுங்கள், பரவாயில்லை. அவரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இதற்கு மேல் நான் சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றும் இல்லை. சம்பந்தப்பட்ட பெண்ணிடம் கேட்டு, அவள் சம்மதத்தோடு சொல்கிறேன். அவளும் இங்கே வந்திருக்கிறாள். எந்த வரிசையில் என்று கேட்காதீர்கள்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், சுயக்கட்டுப்பாட்டை அளக்கும் சோதனை ஒன்று நடத்தினோம். மேசைமேல் ஒரு பொம்மைப் பெட்டி. 'நான் வரும்வரை தொடாதே' என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போய்விடுவார். பதினைந்து நிமிடம். எந்தக் குழந்தை தாங்கும்? ஒன்று பாட்டுப் பாடும், ஒன்று பெட்டியை முகர்ந்து பார்க்கும், பாதிப் பேர் திறந்தே விடுவார்கள். இந்தப் பெண் மட்டும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

சோதனையின்போது எடுத்த காணொளிப் படத்தை இருவர் தனித்தனி அறையில் பார்த்து, கலந்து பேசாமல் மதிப்பெண் போட வேண்டும் என்பது எங்கள் முறை. அம்மையார் ஏழுக்கு ஏழு போட்டார். நானும் ஏழுக்கு ஏழு போட்டேன். இரண்டும் ஒத்துப்போனதில் எங்களுக்கு எவ்வளவு பெருமை! இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. பதினோரு ஆண்டுகள் முதுகலை வகுப்பில் அந்தப் படத்தைப் போட்டு, சுயக்கட்டுப்பாடு என்றால் இதுதான் என்று பாடம் நடத்தினோம்.

பதினேழு வயதில் அவள் அதே ஆய்வின் தொடர் நேர்காணலுக்கு வந்தாள். ஆசையாக அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார் அம்மையார். நானும் பக்கத்தில் இருந்தேன். முழுதும் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "இது பொறுமை இல்ல மேடம். பயம். எங்க வீட்ல அசைஞ்சா அடி விழும். கதவு தொறந்தா யார் வருவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான இருந்தீங்க?"

படத்தை மீண்டும் போட்டோம். பதினைந்து நிமிடத்தில் ஒரு தடவைகூட அவள் கண் பெட்டியின்மேல் இல்லை. கதவின்மேலேயே இருந்தது. பார்த்ததை எழுது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த நாங்கள், அன்று நினைத்ததை எழுதியிருந்தோம். அந்தச் சோதனைக்குப் பிறகும் ஐந்து ஆண்டுகள் அந்த வீட்டில் அவள் அடி வாங்கினாள். நாங்கள் அவளுக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தோம்.

மறுநாளே அம்மையார் எல்லாப் படங்களையும் எடுத்து முதலிலிருந்து உட்கார்ந்தார். மதிப்பீட்டுத் தாளில் 'கண் எங்கே?' என்று ஒரு புதுக் கட்டம் போட்டார். நோய் வந்தது, நிறுத்தவில்லை. படுக்கையில் சாய்ந்தபடி பார்த்தார். கணவர் பக்கத்தில் இருந்து நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டினார். நூற்று எழுபத்தொரு படங்கள் முடிந்தன. அடங்கியிருக்கிறார்கள் என்று நாங்கள் பாராட்டியவர்களில் பத்தொன்பது பேரின் கண் கதவில் இருந்தது. பத்தொன்பது! அத்தனை பேருக்கும் தம் கையால் மன்னிப்புக் கடிதம் எழுதினார்.

அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றார். எழுதிய இருவரும் கையெழுத்திட்டால்தான் ஆய்விதழ் ஏற்கும். அவர் உடனே போட்டார். நான் போடவில்லை. ஏன்? வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அந்தக் கட்டுரையை வைத்துத்தான் பேராசிரியர் ஆனேன். ஒரு சில குழந்தைகளுக்காக ஆய்வையே குப்பையில் போடுவதா என்று வாதம் வேறு செய்தேன். மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை, போன மாதம், குரலே எழாத நிலையில் சொன்னார்: "தனித்தனியாத்தான் தப்பு பண்ணோம். ஒத்துக்கறதையாவது சேந்து செய்வோமே."

உடம்பு தேறட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதுதான் நான் அவரிடம் கடைசியாகப் பேசியது.

நண்பர்களே, நாற்பத்தொரு படங்கள் மீதி இருக்கின்றன. திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன். என்னோடு பார்க்க ஒருவர் வேண்டும். தலையாட்டுகிறவர் வேண்டாம், எதிரே உட்கார்ந்து மறுத்துப் பேசுகிறவர் வேண்டும். அந்த வேலையை முடிக்காமல் நான் இந்தத் துறையை விட்டுப் போகமாட்டேன் என்று உங்கள் முன்னால் உறுதி சொல்கிறேன்.

அம்மா, இன்று காலை கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். நீங்கள் கேட்டபோதே போட்டிருக்க வேண்டும்.