ஒரு சாண் ஹெர்குலிஸ்

புளி போட்டுத் தேய்த்தால் வெண்கலம் பளபளக்கும். உங்கள் வீட்டிலும் நடப்பதுதான், இன்ஸ்பெக்டர். ராமாயி செய்ததும் அவ்வளவே.

நான் கலை வரலாற்றுப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். செம்மேட்டுக்கு வந்ததே அமைதியாகப் புத்தகம் எழுதத்தான். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில், பழைய கிரேக்க, ரோமானியச் சிலைகளைப் பார்த்து, மேசையில் வைக்கிற அளவுக்குச் சின்னச் சின்னதாக வெண்கலத்தில் வார்த்தார்கள். அதில் ஒன்று என்னிடம் இருந்தது. சிங்கத்தின் கழுத்தை நெரிக்கும் ஹெர்குலிஸ், ஒரு சாண் உயரம். அதன் கரும்பூச்சைப் பற்றி மட்டும் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு வருட உழைப்பு. மாசியில் வெளியீட்டு விழா.

போகியன்று பாத்திரம் விளக்க வந்த வேலைக்காரி ராமாயி, குத்துவிளக்கோடு ஹெர்குலிஸையும் சேர்த்து விளக்கிவிட்டாள். ஐந்நூறு வருடக் கருமை அரை மணி நேரத்தில் தண்ணீரோடு போயிற்று. நான் கத்தவில்லை. படித்தவனுக்கு அது அழகல்ல.

அவளே சிலையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

“நானும் எட்டாவது வரைக்கும் படிச்சவதானுங்க. அடியில மேட் இன் இந்தியான்னு போட்டிருக்குதுங்க.” என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “வெசனப்படாதீங்க. வேணும்னா விளக்குக் கரியப் பூசி வெச்சுடறேனுங்க. ஆருகிட்டயும் சொல்ல மாட்டேனுங்க.”

சொல்லியிருக்க மாட்டாள், நம்புகிறேன். ஆனால் முப்பது வருடம் பாடம் நடத்தியவனைப் பார்த்து, புளி ஒட்டிய கையோடு நின்று இரக்கப்பட்டாள். அவமானமாக இருந்தது. அதன் பிறகு தினமும் காப்பியோடு அந்த இரக்கத்தையும் கொண்டுவந்து வைத்தாள்.

மிளகு பறிக்க இங்கே, கால் வைக்கக் கணுதோறும் கிளைக் கட்டையை விட்டு நறுக்கிய ஒற்றை மூங்கிலை மரத்தில் சாய்த்து ஏறுவார்கள். என் தோட்டத்தில் ஏறுவது ராமாயிதான். தை கடைசியில் அந்த மூங்கிலை, உச்சிக்குச் சற்றுக் கீழே, பின்பக்கமாக ரம்பத்தால் பாதி அறுத்தேன். பாதிதான் என்பதைக் கவனியுங்கள். மீதியை அவள் எடை பார்த்துக்கொண்டது. மரத்தடியில் பாறை கிடந்ததற்கு நான் பொறுப்பாக முடியாது.

ரம்பத்தில் மூங்கில் தூளைக் கண்டுபிடித்த உங்கள் திறமையைப் பாராட்டுகிறேன். கொன்றது நான்தான், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் என் மேசையிலிருந்து கைப்பற்றியதைப் பட்டியலில் ‘பித்தளைப் பொம்மை ஒன்று’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிட்டு, ‘இத்தாலி, பதினைந்தாம் நூற்றாண்டு’ என்று எழுதிக் கொடுங்கள்.