தலைவர் வெளியேறிய கூட்டம்

இந்த உணவுக்கூடத்தில் இடம் போதாமல் சுவரோரம் நிற்கும் தோழர்களே, மேடையில் இருக்கும் துணைத் தலைவர் ஹோல்கர் பிரான்ட் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எய்னர் அவர்களே! உங்கள் துணைவியார் மெரெட்டேவை அடக்கம் செய்துவிட்டு, அரைக்கம்பத்தில் இருந்த கொடியை முழுக்க ஏற்றிவிட்டு, நேராக இங்கே வந்திருக்கிறோம். காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன். நீளமாகப் பேசுகிறவர்களை மெரெட்டேவுக்குப் பிடிக்காது.

நான் தோர்கில். நம் வார்ப்பாலையில் முப்பத்தொரு வருடம் இரும்பு உருக்கியவன். தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டு இயக்குநர் குழுவுக்கு அனுப்பிய மூன்று பேரில் ஒருவன். குழுவின் தலைவர் மெரெட்டே ஹோல்ஸ்டை என் முதல் கூட்டத்தில்தான் பார்த்தேன். இருநூறு பக்க அறிக்கை ஒன்றை முன்னால் வைத்திருந்தார்கள். புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“தோர்கில், நாற்பதாம் பக்கம் புரிஞ்சுதா?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

மானம் போனது. “இல்லைங்க” என்றேன்.

“எனக்கும் புரியல. எழுதினவங்களைக் கூப்பிடுங்க, வந்து சொல்லட்டும்.”

வந்தார்கள். அவர்களுக்கும் புரியவில்லை. அன்றிலிருந்து அந்த மேசையில் புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்ததில்லை. இந்தத் தைரியத்தை எனக்குக் கொடுத்தவர் யார்? மெரெட்டே ஹோல்ஸ்ட்.

ஏழு வருடத்துக்கு முன் நடந்ததை இப்போது சொல்லலாம். குழுவும் அதற்கு அனுமதி கொடுத்துவிட்டது. நம்மைவிட மூன்று மடங்கு பெரிய நிறுவனம் ஒன்று, இரண்டையும் இணைத்துவிடலாம் என்று வந்தது. நம் தொழிற்சாலை என்ன பெறும் என்று தலைநகரிலிருந்து மதிப்பீடு வந்தது. அதில் நம் வார்ப்பாலைக்கு என்ன விலை போட்டிருந்தார்கள் தெரியுமா? கொட்டகை நிற்கிற நிலத்தின் விலை மட்டும். உள்ளே வேலை செய்த இருநூற்றுப் பத்துப் பேர் கணக்கிலேயே இல்லை. இணைந்த மறுநாள் மூடிவிடுவார்கள் என்று அதற்கு அர்த்தம். இது தெரிந்தும் நான் வீட்டில்கூட வாய் திறக்க முடியாது. என் மனைவி அந்த வார்ப்பாலையில்தான் அச்சு கட்டிக்கொண்டிருந்தாள்.

குழுவில் ஒன்பது பேர். இப்படியே இணையலாம் என்று நான்கு பேர். மதிப்பீடு தப்பு, திரும்பச் செய்யுங்கள் என்று நாங்கள் நான்கு பேர். மெரெட்டே எங்கள் பக்கம்தான் என்று எல்லோருக்கும் தெரியும். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

கூட்டம் தொடங்கியதும் அவர் எழுந்தார். “இணைஞ்சா புது நிறுவனத்துக்கு நீங்கதான் தலைவர்னு நேத்து அவங்ககிட்டேருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கு. இதுல இனிமே எனக்கு ஓட்டு இல்லை” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

நான் பின்னாலேயே ஓடினேன். கோட்டு மாட்டும் இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“உங்களுக்கென்ன பைத்தியமா? உங்களுக்கு நஷ்டம் வர்ற பக்கம்தானே ஓட்டுப் போடப்போறீங்க? அதை யார் தப்புன்னு சொல்வா?”

“நாளைக்கே சொல்வாங்க. பேரத்தை இழுத்தடிச்சு இன்னும் பெருசா கேட்கத்தான் ஆட்டத்தைக் கலைச்சாள்னு. அப்புறம் நீங்க எடுத்த முடிவு கோர்ட்ல ஒரு நாள் நிக்குமா?”

“நீங்க இல்லாம நாலுக்கு நாலு வந்தா துணைத் தலைவர் ஹோல்கர் சொல்றதுதான் முடிவு. அவர் அந்தப் பக்கம். உங்க நேர்மையால நாங்க நாசமாப் போறோம்.”

“உள்ளே போ, தோர்கில். உன் ஓட்டாவது உள்ளே இருக்கட்டும்.”

அன்று அவரை நான் திட்டிய திட்டு இந்த இடத்தில் சொல்லக்கூடியதல்ல. எய்னர், என்னை மன்னியுங்கள்.

உள்ளே போனேன். ஓட்டு நாலுக்கு நாலு. எல்லோரும் ஹோல்கரைப் பார்த்தோம். அவர் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “என் மருமகன் அந்த நிறுவனத்துல வேலை பாக்கறான். இதுவரைக்கும் யாரும் கேட்கல, நானும் சொல்லல. நானும் வெளியே போறேன். என் ஓட்டை எண்ணாதீங்க.”

எழுந்து போனார். ஹோல்கர், நீங்களே தலையாட்டுகிறீர்கள், அதனால்தான் சொல்கிறேன். நாலுக்கு மூன்று. மதிப்பீட்டைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று முடிவானது.

வெளியே வந்து மெரெட்டேவிடம் சொல்லப் போனேன். என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ரொட்டியை முழுவதும் தின்று தீர்த்திருந்தார்.

“பசிச்சுது. முடிவைச் சொல்லாதே. எனக்குச் சொல்லணும்னு குழு தீர்மானிச்சா எழுதி அனுப்புங்க.”

இரண்டாம் மதிப்பீட்டுக்கு வந்தவர்கள் வார்ப்பாலைக்குள்ளேயே மூன்று நாள் இருந்தார்கள். இரண்டு நிறுவனமும் அதிகம் விற்கிற பம்புக்கு இங்கே வார்க்கிற இரும்புக் கூடுதான் வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். அடுத்த வசந்தத்தில் இணைந்தோம், வார்ப்பாலையைக் காப்பாற்றும் ஒப்பந்தத்தோடு இணைந்தோம், ஒருவரையும் இழக்காமல் இணைந்தோம். அந்தப் புது நிறுவனத்தின் தலைமையை நம் ஓட்டுகளோடுதான் மெரெட்டே ஏற்றார், கடிதத்தை வைத்து அல்ல.

அவர் எங்களைக் காப்பாற்றினாரா? என்னைக் கேட்டால், எங்களை நம்பினார். அது அதைவிடப் பெரிய காரியம் என்று எனக்குப் புரிய வருடங்கள் ஆயின.

இப்போது நம் எல்லோரையும் சேர்த்து வாங்க பின்லாந்திலிருந்து ஒரு நிறுவனம் கேட்டிருக்கிறது. பத்திரிகையில் படித்திருப்பீர்கள். செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்பு. வார்ப்பாலையை மூடும் பேச்சு மறுபடி எழுந்திருக்கிறது. என் மகள் மாலேன் மே மாதத்திலிருந்து அந்தப் பின்லாந்து நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். இது தெரிந்த இரண்டு பேர் சற்று முன் காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வாயை மூடிட்டு உட்காரு தோர்கில், உன் ஓட்டு போனா நாம தொலைஞ்சோம்” என்றார்கள். அவர்கள் மேல் கோபமில்லை. நான் ஏழு வருடத்துக்கு முன் இதையேதான் சொன்னேன்.

ஆகவே மெரெட்டே ஹோல்ஸ்டுக்கு என் அஞ்சலி இது: செவ்வாய் காலை பத்து மணிக்கு மகளைப் பற்றிச் சொல்லிவிட்டு நான் அறையைவிட்டு வெளியே வருவேன். பயமாகத்தான் இருக்கிறது. உள்ளே இருக்கப்போகிறவர்களே, எங்கள் பிழைப்பு உங்கள் கையில் இருக்கிறது. நான் உங்களை நம்புகிறேன்.