காலியாகக் கிடந்த மைமை

வாத்துச் சுடும் பருவம் மே மாத முதல் சனிக்கிழமை தொடங்கும் என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். மற்ற விதிகளைப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை, சார்ஜென்ட். நான் வருஷா வருஷம் புதுப் புத்தகம் வந்ததும் அட்டை முதல் அட்டை வரை படித்துவிடுவேன்.

காயல் வளைவில் இருக்கும் மைமை, அதாவது வாத்துக்காகப் பதுங்கியிருக்கும் குடில், என் அப்பா கட்டியது. தகரமும் பலகையும், சுற்றிலும் நாணல். உள்ளே உட்கார்ந்துவிட்டால் தலைக்கு மேல் பறக்கும் வாத்துக்குக்கூட நம்மைத் தெரியாது. ஆனால் காயல் அரசாங்கத்துடையது. ஒவ்வொரு வருஷமும் குறித்த தேதிக்குள் பெயர்ச் சீட்டை மாட்டி உரிமையைப் புதுப்பிக்க வேண்டும். இந்த வருஷம் அந்தத் தேதியில் நான் பித்தப்பை அறுவைக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தேன். திரும்பி வந்து பார்த்தால் டூகல் மெக்கிரேயின் பெயர் தொங்குகிறது.

டூகல் பக்கத்துப் பண்ணைக்காரன். முன்பு ஒரு தடவை அவன் தடை செய்த ஈயக் குண்டு போட்டுச் சுட்டதை நான்தான் ரேஞ்சரிடம் சொன்னேன். துப்பாக்கியைப் பறிமுதல் செய்தார்கள். அது அவனுடைய அப்பாவின் துப்பாக்கியாம். அதற்கு நான் என்ன செய்வது?

பப்பில் அவனிடம் தன்மையாகத்தான் கேட்டேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னான்.

“என்னடா லாக்லன், விதின்னா விதிதானே? நீதானே ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த!”

“ஆஸ்பத்திரியில இருந்தேன், டூகல்.”

“புத்தகத்துல ஆஸ்பத்திரின்னு எங்கயாச்சும் போட்டிருக்கா? தேடிப் பாரு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான்டா தெரியும்.”

எல்லாரும் சிரித்தார்கள். அவன் மனைவி மோராக் மட்டும், “விடுங்க, அவர்கிட்டயே குடுத்துடுங்க,” என்றாள். அவன் கேட்கவில்லை.

அவன் சொன்னபடியே தேடிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி இல்லை. ஆனால் இன்னொன்று இருந்தது: முதல் நாள் சுடும் நேரம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் உரிமைக்காரர் மைமைக்கு வந்து சேராவிட்டால், அங்கே யார் வேண்டுமானாலும் உட்காரலாம். எவ்வளவு நியாயமான விதி, பாருங்கள். டூகல் கொஞ்சம் தாமதமாக வர வேண்டும், அவ்வளவுதான்.

கரையிலிருந்து மைமைக்குப் போகச் சேற்றுக்கு நடுவே ஒரு சரளை மேடு உண்டு, ஓராள் நடக்கும் அகலம். தண்ணீருக்கடியில் அது எங்கே போகிறது என்று காட்ட வெள்ளைத் தலைக் கழிகளை நான்தான் நட்டிருந்தேன். மைமை அவனுடையதாகலாம், கழிகள் என்னுடையவை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவற்றைப் பிடுங்கி இடது பக்கம் தள்ளி நட்டேன். கழியை எங்கே நட வேண்டும் என்று ஒரு விதியும் கிடையாது.

விடியுமுன் டூகல் வந்தான். தோளில் துப்பாக்கியும், வாத்துகளை ஏமாற்றி இறக்கும் பொய்வாத்து மூட்டையும், நெற்றியில் விளக்கு, முன்னால் அவன் நாய். நான் கரையோர நாணலுக்குள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். நாய்க்கு வழி தெரியும், மேட்டின் மேலேயே போய்விட்டது. அவன் கழிகளை நம்பினான்.

சேற்றில் இடுப்பு வரை இறங்கிய பிறகுதான் என்னைப் பார்த்தான்.

“லாக்லன்! நல்லா மாட்டிக்கிட்டேன்டா. என் துப்பாக்கியும் சேத்துக்குள்ள போயிடுச்சு. மூணு தடவை சுடு, ஆபத்துன்னு தெரிஞ்சு பசங்க ஓடி வருவாங்க!”

“இன்னும் நேரம் ஆகலையே. ஆறரைக்கு முன்னாடி சுடக் கூடாது.”

சிரித்தான். பழைய கேலிக்குப் பதில் கேலி என்று நினைத்துவிட்டான், பாவம். தெற்குக் காற்று தண்ணீரை எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தது. மார்புக்கு வந்ததும் அவன் குரல் மாறிவிட்டது.

“மைமையை நீயே வச்சுக்கடா. எனக்கு வேணாம். கையைக் குடு.”

உரிமையை அப்படி வாயால் மாற்றிக்கொடுக்க முடியாது என்பதை அவனுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

ஆறரைக்குக் காயலெங்கும் துப்பாக்கிகள் வெடித்தன. அத்தனை சத்தத்தில் என் மூன்று குண்டு யார் காதில் விழும்? சும்மா வீண். மோராக்கைக் கூப்பிட்டான், பிறகு அவன் அம்மாவை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பின் மேட்டின் வழியே நடந்து மைமைக்குப் போனேன். பலகையில் நாய் காத்திருந்தது. நல்ல பழக்கம் உள்ள நாய், நான் சுட்டதையெல்லாம் ஒழுங்காக எடுத்து வந்தது. எஃகுக் குண்டுதான் போட்டேன். அனுமதித்த எண்ணிக்கை வந்ததும் நிறுத்திவிட்டேன். திரும்பும்போது கழிகளைப் பழைய இடத்தில் நட்டேன், வேறு யாராவது விழுந்துவிடக் கூடாதே. சாயங்காலம் ஒரு ஜோடி வாத்தை இறகு பறித்து மோராக்கிடம் கொடுத்தேன்.

“அவரைப் பாத்தீங்களா?” என்று கேட்டாள்.

“மைமைக்கு வரவேயில்லையேம்மா,” என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

எல்லாம் சொல்லிவிட்டேன், ஒன்றைத் தவிர. ஒரு மணி நேரம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போதே மைமைக்குள் போய்விட்டேன். அவன் கை முழுகியதும், இனி வர மாட்டான் என்று தெரிந்துபோயிற்று, எனக்கும் பொறுக்கவில்லை. அது தவறுதான், சார்ஜென்ட். அன்று முதல் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதற்கு என்ன அபராதமோ, எழுதிக்கொள்ளுங்கள்.